சிட்டி ஹால் நாணயக் கடையில் ஐரோப்பிய சுத்தியடிக் காசுகள்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

சிங்கப்பூரின் சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், பழைய கடைத்தொகுதி ஒன்றின் மேல்மாடியில் உள்ள நாணயக் கடை இது. சரக்கில் பெரும்பகுதி நீரிணைக் குடியேற்ற நாணயங்கள், மலாயா நோட்டுகள், சீன வெள்ளி டாலர்கள். கல்லாவுக்கு இடப்பக்கக் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் மட்டும் சிவப்பு வெல்வெட் பரப்பிய ஒரு தட்டு இருக்கிறது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மன்னர்கள் சுத்தியலால் அடித்து வெளியிட்ட வெள்ளிக் காசுகள், ஏறத்தாழ முப்பது. இங்கே எழுதுவது அந்தத் தட்டைப் பற்றி மட்டும்.

தட்டு போய்ப் பார்க்கத் தகுந்தது. கடைக்கார அங்கிளிடம் கேட்டால் தட்டையே எடுத்து மேசைமேல் வைக்கிறார். 0.01 கிராம் வரை காட்டும் தராசும் மேசை விளக்கும் கொடுக்கிறார், நேரம் பார்ப்பதில்லை. இந்த வகைக் காசைப் படத்தை நம்பி வாங்குகிறவர்களுக்கு விளிம்பு தெரியாது, மடிப்பு தெரியாது, எடை விற்பவர் சொன்னதுதான். கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க விடும் கடை சிங்கப்பூரில் இருப்பதே பெரிய வசதி.

குறை விலைச்சீட்டில் இருக்கிறது. இயந்திர நாணயத்துக்குப் போடுவதுபோல், முகம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வைத்தே விலை போட்டிருக்கிறார்கள். விக்டோரியா காலத்து ஐம்பது காசுக்கு அந்தக் கணக்கு சரி. சுத்தியடிக் காசில் முதலில் பார்க்க வேண்டியது வில்லை, அதாவது படம் அடிக்கப்பட்ட வெள்ளித் தகட்டுத் துண்டு, முழுசாக இருக்கிறதா என்பது. அடுத்து மேற்பரப்பில் யாரும் கைவைக்கவில்லையா என்பது. பிறகு அடி எப்படி விழுந்திருக்கிறது என்பது. தேய்மானம் நான்காவது இடத்தில்தான் வரும். இந்த வரிசை தெரிந்தவருக்கு இதே தட்டில் மலிவான நல்ல காசு கிடைக்கும். தெரியாதவர் கெட்டுப்போன காசுக்குக் கூடுதல் விலை கொடுத்துவிட்டு வருவார்.

காரணம் செய்முறையில் இருக்கிறது. வெள்ளியைக் கட்டியாக வார்த்து, தகடாகத் தட்டி, கத்தரியால் வில்லைகளாக நறுக்கி, எடை சரிபார்த்து, நெருப்பில் காய்ச்சி இளக்கி, புளிப்புக் கரைசலில் போட்டு வெளுக்க வைப்பார்கள். கீழ் அச்சு ஒரு மரக்கட்டையில் இறுக்கப்பட்டிருக்கும். வில்லையை அதன்மேல் வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்து, சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். மேல் அச்சு அடியை நேரடியாக வாங்குவதால் சீக்கிரம் தேயும், பிளக்கும். ஒரு கீழ் அச்சு தாங்கும் காலத்தில் இரண்டு மேல் அச்சாவது மாற்ற வேண்டியிருக்கும். அதனால் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் உள்ள காசு சாதாரணம். அதைத் தேய்ந்த காசு என்று ஒதுக்கக் கூடாது.

இன்னொன்று, முகப்பில் மன்னரின் கன்னம் மேடாக இருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் கேடயத்தின் நடுப்பகுதியும் மேடாக இருந்தால், ஒரே அடியில் இரண்டு அச்சுப் பள்ளங்களையும் நிரப்ப அங்கே உலோகம் போதாது. அந்த இடம் இரு பக்கமும் சப்பையாக நிற்கும். சப்பையா, தேய்மானமா என்று பிரித்தறிவது எளிது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், அடி சரியாக விழாத இடத்தில் வில்லையின் பழைய சொரசொரப்பு அப்படியே தெரியும், பக்கத்து எழுத்துகள் கூர்மையாக இருக்கும். தேய்மானம் அப்படி ஓரிடத்தில் நிற்காது. மேடான இடங்கள் முதலிலும் தாழ்வானவை பிறகும் ஒரே சீராக மழுங்கி, வழவழப்பாகப் பளபளக்கும்.

இதைத் தட்டில் உள்ள மூன்று எலிசபெத் ஆறு பென்ஸ் காசுகளில் கண்கூடாகப் பார்க்கலாம். முதலாம் எலிசபெத் 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்டவர். 1561இலிருந்து அவருடைய ஆறு பென்ஸில் தலைக்குப் பின்னால் ஒரு ரோஜாவும் பின்பக்கக் கேடயத்துக்கு மேல் ஆண்டும் உண்டு. அளவில் நெருங்கிய காசுகள் ஒன்றோடொன்று குழம்பாமலிருக்க, ஒன்றுவிட்டு ஒன்றுக்கு ரோஜா வைத்தார்கள். நான்கு பென்ஸில் ரோஜா இல்லை, மூன்று பென்ஸில் உண்டு, இரண்டு பென்ஸில் இல்லை. வெள்ளியின் மாற்று, அதாவது தூய்மை, ஆயிரத்துக்கு 925. ஒரு டிராய் பவுண்டு (373 கிராம்) வெள்ளியில் 60 ஷில்லிங், அதாவது 120 ஆறு பென்ஸ் என்பது கணக்கு. அதன்படி ஆறு பென்ஸின் சட்ட எடை 3.11 கிராம். 1601இல் 62 ஷில்லிங் என்று மாற்றியதால் அதற்குப் பிந்தியவை 3.01 கிராம்.

முதல் காசு 1575, நாணயச்சாலை போடும் சிறு அடையாளக் குறி காட்டு ரோஜா, விலை $240. அரசியின் முகமும் கழுத்துப் பட்டியும் அழகாக நிற்கின்றன, முதல் பார்வையில் யாரும் இதைத்தான் எடுப்பார்கள். தராசில் வைத்தால் 2.62 கிராம். சட்ட எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. முகம் இவ்வளவு தெளிவாக இருக்கும் காசு தேய்ந்தே அத்தனை எடையை இழந்திருக்க முடியாது. விளிம்பைப் பாருங்கள். சுற்றெழுத்துக்கு வெளியே ஓட வேண்டிய புள்ளி வளையம் எங்குமே இல்லை, பின்பக்கத்து ‘போசுவி’ என்ற லத்தீன் சொல்லின் எழுத்துகள் பாதி உயரத்தில் அறுந்து நிற்கின்றன. புழக்கத்தில் இருந்த காலத்திலேயே விளிம்பைக் கத்தரித்து வெள்ளியைத் திருடியிருக்கிறார்கள். அது அன்றைய இங்கிலாந்தில் மரண தண்டனைக்குரிய ராஜத்துரோகம். இருந்தும் அடங்கவில்லை. 1662இல் இயந்திர நாணயத்துக்கு மாறிய பிறகும் பழைய சுத்தியடிக் காசுகள் கத்தரிபட்டுக்கொண்டே புழங்கின. 1696இல் தொடங்கிய மறுவார்ப்பில்தான் அவற்றைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள்.

இரண்டாவது 1582, குறி வாள், விலை $150. கன்னமும் மூக்கும் சப்பை. அதனால்தான் விலை குறைவு. எடை 3.02 கிராம். இரு பக்கமும் சுற்றெழுத்து முழுசாக இருக்கிறது, புள்ளி வளையம் முக்கால் சுற்றுக்குத் தெரிகிறது, நிறம் எங்கும் ஒரே சீரான சாம்பல். கன்னத்தின் மேல் வில்லையின் சொரசொரப்பு அப்படியே இருப்பதால் சப்பைக்குக் காரணம் அடி, தேய்மானம் அல்ல. கேடயத்தின் நடுவிலும் அதே இடத்தில் சப்பை இருப்பது அதை உறுதிப்படுத்துகிறது. மூன்றில் இதுவே நல்ல காசு. $90 குறைத்துப் போட்டிருப்பது வாங்குபவருக்கு லாபம்.

மூன்றாவது 1593, குறி பீப்பாய், விலை $170. இது பளீரென்று வெள்ளையாக இருக்கிறது. நானூறு ஆண்டு ஆன வெள்ளி அப்படி இருக்காது. எழுத்துகளின் இடுக்கிலும் கறுப்பே இல்லாததால் வெள்ளி கழுவும் ரசாயனத்தில் முக்கியிருக்கிறார்கள் என்று சொல்லலாம். அது போதாதென்று, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் முகத்துக்குக் குறுக்கே இணையான இரண்டு மெல்லிய கோடுகள் தெரிகின்றன. இந்த அளவுக் காசுகளை எஸ் வடிவத்தில் இரண்டாக வளைத்துக் காதலிக்குக் கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. பிற்காலத்தில் யாரோ அதை நிமிர்த்தியிருக்கிறார்கள். பழைய வெள்ளி மண்ணில் கிடந்து நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும். நிமிர்த்தும்போது மடிப்புக் கோட்டில் உள்ளுக்குள் விரிசல் விடும். தரைக்கல்லில் ஒருமுறை விழுந்தால் இரண்டாகும். வளைந்த காசு கிடைத்தால் வளைந்தபடியே வையுங்கள்.

முதலாம் சார்ல்ஸின் ஷில்லிங் ஒன்று $230க்கு இருக்கிறது. தலைக்குப் பின்னால் 12 பென்ஸைக் குறிக்கும் ரோமன் எண். குறி இரண்டு அரைவட்டங்களுக்கு நடுவே பி (P) என்ற எழுத்து. இந்தக் குறி போட்ட 1643–44இல் லண்டன் கோபுர நாணயச்சாலை நாடாளுமன்றத்தின் கையில் இருந்தது. மன்னரோடு போர் நடத்திக்கொண்டே நாடாளுமன்றம் அதே மன்னரின் பெயரிலும் முகத்திலும் காசு அடித்தது. போர்க்கால அவசரம் காசில் தெரிகிறது: வில்லை கோணலாக நறுக்கப்பட்டிருக்கிறது, எழுத்துகள் ஒரு பக்கம் வழிந்து ஓடுகின்றன. எடை 5.88 கிராம், சட்ட எடை 6.02. இந்த வகைக்கு இது நல்ல எடை. வட்டமான அழகான ஷில்லிங் வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம் தரும். வரலாறு வேண்டும் என்பவர் பேரம் பேசி எடுக்கலாம்.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது தட்டின் மேல்வரிசையில் உள்ள ஹங்கேரி டெனார்கள். ஏழெட்டு இருக்கின்றன, ஒவ்வொன்றும் $40. முதலாம் ஃபெர்டினாண்ட், இரண்டாம் மாக்ஸிமிலியன், இரண்டாம் ருடால்ஃப் ஆகியோர் காலத்தவை. 15 மில்லிமீட்டர் அகலம், அரை கிராம் எடை, காகிதம்போல் மெல்லிசு. ஒரு பக்கம் குழந்தை இயேசுவுடன் மாதா, மறுபக்கம் ஹங்கேரிக் கேடயம், சுற்றெழுத்தில் மன்னர் பெயர், நான்கு இலக்க ஆண்டு. மாதாவின் இருபுறமும் கே, பி (K, B) என்ற எழுத்துகள் இருந்தால் அது க்ரெம்னிட்ஸ் நாணயச்சாலை. அந்த ஊர் இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. மன்னர், ஆண்டு, ஊர் மூன்றும் ஒரே காசில் படிக்கக் கிடைப்பது இந்த விலையில் வேறு எதிலும் இல்லை. ஏராளமாக அடிக்கப்பட்டவை, அதனால் போலி செய்வதில் பெரிய லாபமில்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளையோ விரிசலோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாதாவின் முகம் பெரும்பாலும் சப்பையாகவே இருக்கும், அதற்காகத் தேடி அலைய வேண்டாம்.

அதே வரிசையில் ரஷ்யக் கம்பிக் காசுகள், தலா $25. 1535இல் நான்காம் இவானின் தாய் ஏலெனா க்லின்ஸ்காயா நாணயத்தை ஒழுங்குபடுத்தியபோது ஒரு கோபெக் 0.68 கிராம். வெள்ளிக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி, தட்டிச் சப்பையாக்கி, அச்சில் அடித்தார்கள். அச்சைவிட வில்லை சிறியது. அதனால் ஈட்டி ஏந்திய குதிரைவீரனின் தலை இருந்தால் கால் இருக்காது, எழுத்தில் பாதி எப்போதும் வெளியே போயிருக்கும். எடை காலப்போக்கில் குறைந்துகொண்டே வந்தது. பீட்டர் மன்னரின் காலத்தில் 0.28 கிராம் ஆகிவிட்டது. சீட்டில் நான்காம் இவான் என்று எழுதியிருக்கும் ஒரு காசு 0.29 கிராம்தான் இருக்கிறது. அந்த எடையில் இவானின் கோபெக் இருக்க முடியாது, அதில் பீட்டரின் பெயரைத் தேடுங்கள். இவானின் அரைக் கோபெக்கான தெங்காவும் 0.34 கிராம்தான், ஆனால் அதில் வீரன் கையில் ஈட்டிக்குப் பதில் வாள் இருக்கும். எடையையும் ஆயுதத்தையும் சேர்த்துப் பார்த்தால் சீட்டின் துணை தேவையில்லை.

போலந்து மூன்றாம் சிகிஸ்மண்டின் போல்தொராக்குகளும் இந்தத் தட்டில் கலந்து கிடக்கின்றன. 1614இலிருந்து லட்சக்கணக்கில் வந்த சிறு காசு. உருண்டைக்குள் 24 என்ற எண், தாலர் என்ற பெரிய வெள்ளிக் காசு ஒன்றுக்கு 24 காசு என்ற கணக்கு. வெள்ளி பாதிக்கும் குறைவு, ஆண்டுக்கு ஆண்டு மாற்று இறங்கியது. இந்த வகையில் பெரும்பாலானவை உருளை அச்சில் தகட்டை நுழைத்து அழுத்தி வெட்டி எடுக்கப்பட்டவை. மேசையில் வைத்தால் ஓரங்கள் இலேசாகத் தூக்கி நிற்கும், வளைவு அச்சின் வளைவு. $30க்கு நல்ல காசுதான், ஆனால் சுத்தியடிக் காசு என்ற பெயரில் வாங்க வேண்டாம்.

இனி தட்டின் பெரிய விலைக்காரர்கள்: ஸ்பானிய எட்டு ரியால்கள். இந்த வட்டாரத்துக்கு மிக நெருக்கமான ஐரோப்பியக் காசு இதுதான். 1565 முதல் 1815 வரை அகபுல்கோவிலிருந்து மணிலாவுக்கு வந்த கப்பல்களில் அமெரிக்க வெள்ளி ஏறி வந்து, அங்கிருந்து சீன வணிகர்கள் கைக்குப் போனது. பிந்திய ஸ்பானிய டாலர் 19ஆம் நூற்றாண்டுவரை நீரிணைக் குடியேற்றங்களிலும் புழங்கியது. அதன் முன்னோடி இந்த ஒழுங்கற்ற வெள்ளித் துண்டு. 230 கிராம் மார்க் எடை வெள்ளியில் 67 ரியால் என்பது விதி, எனவே எட்டு ரியால் 27.47 கிராம். மாற்று ஆயிரத்துக்கு 930க்குச் சற்று மேல். நாணயச்சாலைக்கு எடையும் மாற்றும் மட்டுமே முக்கியம், வட்டம் முக்கியமில்லை. வெள்ளிப் பாளத்தின் முனையை வெட்டி, எடை கூடினால் ஓரத்தைக் கத்தரித்துச் சரிசெய்து, ஓரிரு அடியோடு அனுப்பிவிட்டார்கள். அதனால் இங்கே ஓரம் கத்தரிபட்டிருப்பது குற்றமல்ல, நாணயச்சாலையே செய்தது. எடை சரியாக இருந்தால் போதும்.

$480 சீட்டுப் போட்ட, இன்றைய பொலிவியாவில் உள்ள பொத்தோசி நகரத்து எட்டு ரியாலைப் பாருங்கள். 26.40 கிராம். ஒரு பக்கம் சிலுவை, அதன் நான்கு கட்டங்களில் கோட்டைகளும் சிங்கங்களும். மறுபக்கம் ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கேடயம். கேடயத்தின் இடப்பக்கம் மேலே பொத்தோசியைக் குறிக்கும் பி (P), கீழே மாற்றுப் பார்ப்பவரின் எழுத்து டி (T), வலப்பக்கம் ரோமன் எட்டு. இந்த மூன்றும் தெளிவாக இருப்பது இந்தக் காசின் பலம். ஆண்டு வில்லைக்கு வெளியே போய்விட்டது. சீட்டில் ‘நான்காம் ஃபிலிப், 1630கள்’ என்று எழுதியிருப்பதற்குக் காசில் ஆதாரமில்லை. டி என்ற எழுத்து மூன்றாம் ஃபிலிப்பின் கடைசி ஆண்டுகளிலும் வருகிறது. ஆண்டு தெரிந்தால் தரக்கூடிய விலையை ஆண்டு தெரியாததற்குத் தர வேண்டாம். $400க்கு மேல் போகாதீர்கள். பக்கத்தில் இருக்கும் இன்னொன்றில் சிலுவைக் கரங்களின் நுனியில் உருண்டைகள் உண்டு. அது மெக்சிகோ, சீட்டு பொத்தோசி என்கிறது.

பொத்தோசியில் 1649இல் பெரிய ஊழல் வெளிப்பட்டது. மாற்றுக் குறைந்த வெள்ளியை அடித்து அனுப்பியிருந்தார்கள், ஐரோப்பியச் சந்தைகள் பொத்தோசிக் காசை வாங்க மறுத்தன, பொறுப்பானவர்களுக்கு மரண தண்டனை விழுந்தது. 1652இல் தூண்களும் கடல் அலையும் கொண்ட புதிய அச்சு வந்தது. அதில் ஊர் எழுத்து, மாற்றுப் பார்ப்பவரின் எழுத்து, ஆண்டு எல்லாம் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வைக்கப்பட்டன. ஓரம் போனாலும் ஆள் அடையாளம் தப்பாது. ஆண்டு படிக்கத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் அந்த வகை வரும்வரை காத்திருப்பது நல்லது. இப்போது தட்டில் அது இல்லை.

கப்பல் சேதக் காசு ஒன்று $650. 1622இல் ஃபுளோரிடா தீவுகளுக்கு அருகே மூழ்கிய ‘நுயெஸ்த்ரா செனோரா தெ அத்தோச்சா’விலிருந்து வந்தது என்று சீட்டு சொல்கிறது. அந்தக் கப்பலின் காசுகளை மீட்டவர்கள் ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். இங்கே சான்றிதழ் இல்லை. காசு 21 கிராம், மேற்பரப்பு கடலரிப்பில் குழிகுழியாக இருக்கிறது. கடலில் கிடந்தது என்பது உண்மையாக இருக்கலாம், எந்தக் கடல் என்பதை அரிப்பு சொல்லாது. சான்றிதழ் இல்லாவிட்டால் கப்பல் பெயருக்கு ஒரு டாலரும் தராதீர்கள். பெயரைக் கழித்தால் இது $200 காசு.

தட்டில் கட்டாயம் விட வேண்டியவை இரண்டு. இரண்டு ரியால் துண்டுகள், தலா $160, வெவ்வேறு வரிசையில் இருக்கின்றன. பக்கம்பக்கமாக வைத்துப் பாருங்கள். ஏழு மணித் திசையில் ஒரே வெட்டு, சிலுவையின் இடக்கரத்தில் ஒரே விரிசல், ஓரம் ஒரே வடிவம். சுத்தியடிக் காசில் ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுக்கும் படம் ஒத்துப்போகலாம், ஆனால் வில்லையின் வடிவமும் விரிசலும் ஒருநாளும் ஒத்துப்போகாது. இவை ஒரே மூலக் காசிலிருந்து எடுத்த வார்ப்புகள். லென்ஸில் உருண்டையான நுண்குழிகள் தெரிகின்றன, காற்றுக் குமிழின் தடம். விளிம்பில் அரம் போட்ட கோடுகள், வார்ப்புத் தையலை மறைக்கச் செய்தது. எடை 5.4, 5.3 கிராம். இருக்க வேண்டியது 6.87.

டச்சு சிங்க டாலர் ஒன்றும் உண்டு, $320, 26.9 கிராம். சட்ட எடை 27.68, மாற்று ஆயிரத்துக்கு 750. முகப்பில் நிற்கும் வீரனின் முகம் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம், இந்த வகையில் பெரும்பாலும் அப்படித்தான்.

சோதனை முறைகளில் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் இரண்டை இங்கே செய்யக் கூடாது. சுண்டிப் பார்ப்பது ஒன்று. விரிசல் உள்ள அசல் காசு மந்தமாகவே ஒலிக்கும், நல்ல வெள்ளியில் அடித்த போலி கணீரென்று ஒலிக்கும், அதனால் ஓசையால் ஒன்றும் தெரியாது. உரைகல்லில் உரசுவது மற்றொன்று. அது காசின் மதிப்பையே உரசி எடுத்துவிடும்.

செய்யக்கூடியது ஒப்படர்த்தி. ஒரு கிண்ணம் நீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க நீரில் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண்ணால் காசின் உலர்ந்த எடையை வகுத்தால் ஒப்படர்த்தி வரும். 925 வெள்ளிக்கு 10.3, 10.4 அளவில் வர வேண்டும். செம்பு 8.9, ஈயம் 11.3, வெள்ளீயம் 7.3. மேலே சொன்ன பொத்தோசிக் காசு 26.40 கிராம். நீரில் 2.55 காட்டினால் 10.35, அசலுக்கு ஏற்ற எண். ஆனால் 0.01 தராசில் ஆறு பென்ஸைச் சோதித்தால் ஏமாறுவீர்கள். 3.02 கிராம் காசு நீரில் 0.29 காட்ட வேண்டும். தராசு ஓர் இலக்கம் தவறி 0.28 காட்டினால் 10.8, 0.30 காட்டினால் 10.1. அந்த வித்தியாசத்தில் எந்த முடிவுக்கும் வர முடியாது. சிறு காசுக்கு 0.001 கிராம் தராசு வேண்டும். அரை கிராம் டெனாருக்கு அதுவும் போதாது. நீரில் இறக்கியதும் காசின் மேல் ஒட்டும் காற்றுக் குமிழ்களைத் தூரிகையால் தட்டிவிடுங்கள், ஒரு குமிழ் இருந்தாலும் ஒப்படர்த்தி இறங்கிவிடும்.

செராங்கூன் சாலை நகைக்கடைகளில் தங்கம் பார்க்கும் எக்ஸ்-கதிர்க் கருவி உள்ள இடத்தில் தெரிந்தவர் இருந்தால் காசையும் காட்டலாம். கருவி மேற்பரப்பை மட்டும் படிக்கிறது என்பதை மறக்க வேண்டாம். வெளுக்க வைத்தபோது செம்பு கரைந்து வெள்ளி மட்டும் மேலே நின்றிருப்பதால், மாற்றுக் குறைந்த காசும் உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டும். வெள்ளி எண்ணைவிடப் பயனுள்ளது பக்கத்தில் வரும் சிறு எண்கள். அந்தக் கால வெள்ளியில் கொஞ்சம் தங்கமும் ஈயமும் தங்கியிருக்கும். இரண்டும் அறவே இல்லாமல் சுத்தமான வெள்ளியும் செம்பும் மட்டும் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

விலையைப் பற்றி. தொகை $300ஐத் தாண்டினால் அங்கிள் சிறிது குறைக்கிறார், இரண்டு மூன்று காசு சேர்த்து எடுத்தால் இன்னும் கொஞ்சம். பேநவ், ரொக்கம் இரண்டும் ஏற்கிறார். ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறார், அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், தருகிறார். கடை வரிப் பதிவு இல்லாத சிறு கடை, பொருள் சேவை வரி சேர்வதில்லை. வெளிநாட்டு ஏலத்தில் எடுப்பதோடு ஒப்பிடும்போது இதைக் கணக்கில் வைக்க வேண்டும். அங்கே விழுந்த விலைமேல் வாங்குவோர் கட்டணம் 20 விழுக்காட்டை ஒட்டி வரும், அஞ்சல் காப்புறுதி உண்டு, இங்கே வந்து சேரும்போது 9 விழுக்காடு வரியும் சேரலாம். முதலீட்டு வெள்ளிக்கு உள்ள வரிவிலக்கு இதற்குக் கிடைக்காது, அதற்கு 99.9 விழுக்காடு தூய்மை வேண்டும். எல்லாம் கூட்டிப் பார்த்தால் 1582 ஆறு பென்ஸுக்கு இந்தக் கடையின் $150 நியாயமான விலை.

கடை மீது ஒரு புகார் கண்டிப்பாக உண்டு. காசுகளை மென்மையான பிவிசி உறைகளில் வைத்திருக்கிறார்கள். 80 விழுக்காட்டை ஒட்டிய நம் ஈரப்பதத்திலும் சூட்டிலும் அந்த உறை சிதைந்து அமிலத்தை விடும், காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுக்கும். டெனார்களில் இரண்டில் அது தொடங்கிவிட்டது. வாங்கிய அன்றே உறையை மாற்றுங்கள். பச்சை இருந்தால் தூய அசிட்டோன் போதும். நகப்பூச்சு நீக்கியில் வேறு எண்ணெய்களும் வாசனையும் கலந்திருக்கும், அது வேண்டாம். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்க ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, புதிய அசிட்டோனில் இன்னொரு முறை அலசி, மெல்லிய தாளின் மேல் தானாகக் காயவிட வேண்டும். தேய்க்கவே கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பூஜை விளக்கு எரியும் அறையில் செய்யாதீர்கள், அசிட்டோன் ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும்.

குத்துவிளக்கையும் வெள்ளிக் கிண்ணத்தையும் திருநீறு போட்டுத் துலக்கும் வீடுகளில் இதைத் தனியாகச் சொல்லி வையுங்கள்: காசில் திருநீறு, புளி, பற்பசை எதுவும் படக் கூடாது. சாம்பல் துகள் வெள்ளியைக் கீறும், கீறல் லென்ஸில் நூல்நூலாகத் தெரியும், பாதி மதிப்பு போய்விடும். பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை இளக்கும் ரசாயனம்) இல்லாத பாலியஸ்டர் உறையில் போட்டு, கேமரா வைக்கும் உலர் அலமாரியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்தால் போதும். ரப்பர் பேண்டும் பழைய அட்டைப் பெட்டியும் கந்தகம் விடும், அருகில் வேண்டாம்.

உறையை மாற்றும்போது பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஆங்கிலக் காசுகளில் சிலவற்றின் சீட்டில் அங்கிள் எழுதியதற்குக் கீழே வேறு கையெழுத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பதிவு இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மண்ணிலிருந்து கிடைத்த பொருள்களைப் பதிவு செய்யும் பொதுத் திட்டத்தின் எண்ணாக அது இருந்தால், காசு எந்த வட்டாரத்தில் எப்போது கிடைத்தது என்பதை அதன் தளத்தில் தேடிப் பார்க்கலாம். 1582 ஆறு பென்ஸின் சீட்டில் அப்படி ஓர் எண் இருக்கிறது, 1575இல் இல்லை.